ஆணிகள் உரைக்கும் மனை வரலாறு

நிலத்துட் புதைந்த உலோகத்தைத் தோண்டாமலே அறியும் கருவி இரண்டாம் உலகப் போரிற் கண்ணிவெடி தேடுதற்குப் பெரிதும் பயன்பட்டது. பின்னர்ப் பொழுதுபோக்காளர் கையையும் அடைந்தது. ஐக்கிய அமெரிக்காவிற் கைவிடப்பட்ட பண்ணைமனைகளில் அதனைக் கொண்டு பழம்பொருள் தேடுவோர் பலர். நாணயம், பொத்தான், கரண்டி, குதிரை இலாடம் முதலியன அவர்கள் பெறுவன. எனினும், அவர்கள் எடுப்பனவற்றிலும் விலக்குவனவே ஆய்வாளன் கருதற்பாலன.

கருவியின் சுருளிற் பாயும் ஆடலோட்டம் மாறுங் காந்தப் புலத்தை உண்டாக்கும். அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்திற் சுழியோட்டங்களை எழுப்ப, அவற்றால் நேரும் மாற்றத்தைக் கருவி ஒலியாக்கும். வெள்ளி, செம்பு ஆகியவற்றினின்றும் இரும்பு வேறுபட்டு உணரப்படுவதால், இரும்பின் ஒலியை அடக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. துருவேறிய ஆணிகளால் அலைக்கழிந்தோர் அதனை விரும்புதல் இயல்பே. ஆயின், மரவீடு நின்றழிந்த இடத்துக்குச் சிறந்த சான்று அவ்வாணிகளன்றோ!

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆணியைக் கொல்லன் கையால் அடித்தான். அது நாற்புறமும் கூம்பும். 1790கள் முதல் இரும்புத் தகட்டிலிருந்து ஆணி வெட்டும் எந்திரங்கள் பரவின. வெட்டாணி இரு புறமே கூம்பும். 1890களில் உருக்குக் கம்பியாணி அதன் இடத்தைப் பெரும்பாலும் கவர்ந்துகொண்டது. ஆகவே, வெட்டாணி மலிந்து கம்பியாணி அரிதாகிய மனை அக்காலத்துக்கு முற்பட்டதெனக் கருத இடமுண்டு. பழைய பலகையும் ஆணியும் புதுவீட்டுக்குப் பயன்படுதலும் உண்டாதலின், ஓராணியை நம்பி முடிவு கூறலாகாது. வளைந்த ஆணிகள் மிகுமாயின், வீடு தானே இற்றுவீழாது, பிரித்தெடுக்கப்பட்டதெனவும் ஊகிக்கலாம்.

1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கர் வரை பெற்ற குடியானவன் ஐந்தாண்டு அங்கு வாழ்ந்து பயிரிட வேண்டும். அவன் பெற்ற உரிமைப்பத்திரம் நிலத்தைக் குறிக்குமேயன்றி, வீடும் தொழுவமும் நின்ற இடங்களைக் குறிக்காது. அவற்றை மண்ணிலேதான் காணல் வேண்டும்.

1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், நூறாண்டேனும் பழமையுற்ற தொல்பொருள்களைக் கூட்டரசு நிலத்தில் அனுமதியின்றி அகழ்தலைத் தடுக்கின்றது. தனியார் நிலத்திலோ பெரும்பாலும் உரிமையாளர் இசைவே போதும். அங்கு எடுப்போன் குறித்து வையாதது மீளாது.

1876இற் போர் நிகழ்ந்த லிட்டில் பிக்கோர்ன் களத்தை 1984இல் ஆராய்ந்த டக்ளஸ் ஸ்கொட், ரிச்சர்ட் பொக்ஸ் ஆகியோர் இக்கருவியாளரையே துணைக்கொண்டனர். ஒலித்த இடங்களிற் கொடி நாட்டி, பொருள் கிடந்த நிலையை அளந்த பின்பே எடுத்தனர். தோட்டாக் கூடுகளின் கிடக்கையால் வீரர் நகர்ந்த வழி புலனாயிற்று. பண்ணைமனைக்கும் இம்முறை பொருந்தும்: இரும்பொலியை அடக்காது, ஆணி செறிந்த பரப்பை வரைபடத்திற் குறித்தால், ஓராணியையும் பெயர்க்குமுன்னரே வீடு நின்ற பரப்பு பருமட்டாகத் தெரியும்.