மின் கம்பியை விலைக்கு வாங்கிய ஊர்

ஜெர்மனி தேசம் தனது கடைசி மூன்று அணுமின் நிலையங்களையும் 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி நிறுத்திவிட்டது. நிலக்கரி மின்சாரத்தை 2038-க்குள் கைவிடவும் 2020-இல் சட்டம் செய்திருக்கிறது. காற்றும் வெயிலும் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. இம்மாறுதலில் நம் அங்கத்தினர்கள் முக்கியமாய் அறிய வேண்டியது ஷோனாவ் என்னும் சிற்றூரின் வரலாறு என்று கருதுகிறோம்.

கருங்காடு எனப்படும் மலைப் பகுதியிலுள்ள அவ்வூரின் ஜனத்தொகை சுமார் 2,400. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்ததும், அணுமின்சாரம் வேண்டாமென்று பெற்றோர் சிலர் ஒன்றுகூடினர். முதலில் மின்சாரச் சிக்கனத்தைப் பிரசாரம் செய்தனர். விநியோகக் கம்பெனி ஒத்துழைக்கவில்லை. விற்பவருக்குச் சிக்கனம் எப்படி இனிக்கும்? ஆகவே ஊரின் மின் கம்பிகளையே வாங்கத் துணிந்தனர். அதன்பொருட்டு 1991-இலும் 1996-இலும் ஊரார் வாக்களிக்க நேர்ந்தது. இரண்டாம் முறை ஆதரித்தோர் 52 சதவீதத்துக்குச் சற்றே அதிகம். மயிரிழையில் பிழைத்த காரியம்!

கம்பெனி கேட்ட விலை 87 லட்சம் மார்க். வாதாடியபின் 57 லட்சத்துக்கு இறங்கியது. பொதுமக்களின் பங்குப் பணமும், நாடெங்கிலுமிருந்து வந்த நன்கொடையும் அத்தொகைக்கு உதவின. 1997 ஜூலையில் கம்பிகள் ஊரார் வசமாயின. கொடுத்த விலையும் அதிகமென்று பிற்பாடு தெளிவாகி, ஒரு பகுதி திரும்பி வந்தது. 2009-இல் அந்த ஸ்தாபனம் கூட்டுறவுச் சங்கமாயிற்று.