பத்தா, பன்னிரண்டா?

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. ஆனால் கல்வராயன் மலை ஏறியவர்கள், பாறையில் சாம்பலும் பச்சையுமாக அப்பிக் கிடக்கும் லைக்கனைப் பார்த்திருப்பார்கள். நகத்தால் சுரண்டினாலும் லேசில் பெயராது. மன்னார் வளைகுடாவின் ஆழமில்லாத பவளப்பார்களில் அப்படி ஒட்டிப் படரும் பவளங்களில் ஒன்று சைஃபாஸ்ட்ரியா. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு. பவளத்திலோ பாசிக்குக் கூட்டாளி பாலிப் என்னும் சின்னஞ்சிறு விலங்கு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துத் தருகிறது. ஆகவே வெளிச்சம் எட்டும் இடமாகப் பார்த்துத்தான் இது வளரும். செத்த பவளக்கல்லின் மேலும் படரும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளை ஒட்டிப் பவளப்பார்கள் உள்ளன. அங்கே ஒரு படர்பவளத்தைக் கண்டால் அது எந்த இனம் என்று எப்படிச் சொல்வது? நிறத்தை நம்பக்கூடாது, ஒரே இனம் பழுப்பு, பச்சை, சாம்பல் என மாறும். வடிவமும் ஏமாற்றும், ஓரிடத்தில் தகடாய்ப் படர்வது இன்னோரிடத்தில் உருண்டையாகத் திரளும்.

பார்க்க வேண்டியது பாலிப் உட்கார்ந்திருக்கும் குழியை. சைஃபாஸ்ட்ரியாவின் குழிகள் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர் உண்டு. குழிகளுக்கு இடைப்பட்ட பரப்பு சொரசொரவென்று பொடி முள்ளாக இருக்கும். ஃபேவைட்ஸ் பவளத்தில் குழிகள் பெரியவை, அடுத்தடுத்த குழிகளுக்கு ஒரே பொதுச் சுவர். இந்த ஒன்றை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

அடுத்தது எண்ணிக்கை. குழிச் சுவரிலிருந்து மையத்தை நோக்கி மெல்லிய சுண்ணாம்புத் தகடுகள் நீளும். கல்பவளங்களில் இவை பொதுவாக ஆறின் மடங்கில் அமையும். சைஃபாஸ்ட்ரியா செரைலியாவில் நீளமான தகடுகள் பெரும்பாலும் 12. மைக்ரோஃப்தால்மா இனத்தில் 10. ஒரு குழியோடு நிறுத்தாமல் பல குழிகளில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், உடைத்தெடுத்து வந்து பார்ப்பது குற்றம். தண்ணீருக்குள்ளேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நெருக்கமாகப் படம் எடுப்பதே வழி.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. 2016 கோடையில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தபோது, கிளைவிடும் பவளங்களுக்கே அடி பலம். வெறுமனே ‘பவளம்’ என்று குறித்து வைத்தால் எது மடிந்தது, எது தாங்கியது என்பது தெரியாது. செத்த கல்லின் மேல் புதிதாக ஒட்டியிருப்பது எந்த இனம் என்று தெரிந்தால்தான், பார் பழையபடி தேறுகிறதா, வேறு பாராக மாறுகிறதா என்று சொல்ல முடியும்.