ஏலியன் திகில் படம்... ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பார்க்கலாமா?

சோளக்காட்டில் ஒரே இரவில் முளைத்த ராட்சத வட்டங்கள். கூரை மேல் யாரோ ஓடும் சத்தம். டி.வி செய்தியில், வானத்தில் மிதக்கும் விளக்குகள். 2002-ல் வெளியான ‘சைன்ஸ்’ (தமிழில் சொன்னால் ‘அடையாளங்கள்’) படத்தில், ஏலியன் முழுசாகக் கண்ணில் படுவதற்கு முன்பே பார்ப்பவர்களுக்கு வியர்த்துவிடும்.

ஆனால், இது வெறும் ஏலியன் படம் அல்ல. மெல் கிப்சன் நடித்த கிரஹாம் ஹெஸ், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பண்ணைவீட்டில் வாழும் முன்னாள் போதகர். மனைவி சாலை விபத்தில் இறந்த பிறகு, போதகர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டவர். இயக்கியவர் எம்.நைட் ஷியாமளன். 1970-ல் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். பிறந்தது இந்துக் குடும்பத்தில். படித்தது கிறிஸ்தவப் பள்ளிகளில்.

‘இந்த மாதிரி திகில் படங்களையெல்லாம் விசுவாசிகள் பார்க்கலாமா?’ என்ற கேள்வி பல கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. ஓடிடி வந்த பிறகு, ரிமோட் பிள்ளைகள் கையில். கேள்வி இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

தடையும் பாராட்டும்

இது பழைய கேள்விதான். 1930-களில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் ‘லீஜியன் ஆஃப் டீசன்சி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். படங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். ‘சி’ என்றால் கண்டனத்துக்குரிய படம். ஒழுக்கக்கேடான படங்களைப் பார்க்க மாட்டோம் என்று மக்கள் ஆலயத்தில் உறுதிமொழியே எடுத்தார்கள்.

1995-ல், சினிமாவின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’, ‘மெட்ரோபோலிஸ்’ என்ற இரண்டு அறிவியல் புனைவுப் படங்களும் இருந்தன. தடுக்க வேண்டியதைப் பற்றி மட்டும் பேசாமல், பார்க்க வேண்டியதைப் பற்றியும் பேசும் பழக்கம் அதற்குள் வந்திருந்தது.

இன்று அமெரிக்காவில் ‘ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி’ நடத்தும் ‘பிளக்டு இன்’ தளம், ஒரு படத்தில் வன்முறை எவ்வளவு, கெட்ட வார்த்தை எவ்வளவு, ஆன்மிகம் எங்கே என்று பிரித்துச் சொல்கிறது. பெற்றோருக்கு உதவும் விஷயம்தான். ஆனால், ரத்தம் எத்தனை இடத்தில் வருகிறது என்ற கணக்கு, படம் அந்த ரத்தத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைச் சொல்லிவிடாது.

பவுல் சொன்ன இறைச்சி உதாரணம்

பைபிளில் சினிமா கிடையாது. ஆனால், கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதே போன்ற ஒரு சண்டை இருந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா, கூடாதா? சிலருக்கு உறுத்தவில்லை, சிலருக்கு மனசாட்சி குத்தியது. பவுலின் பதில் இப்படிப் போகிறது: உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. ஆனால், என் சுதந்திரம் பக்கத்தில் இருப்பவரை இடறச் செய்தால், எனக்கு அது வேண்டாம்.

இதை வீட்டு சோபாவுக்குக் கொண்டு வாருங்கள். அப்பாவுக்கு ஏலியன் படம் சிரிப்பாக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஒன்பது வயது மகள் மூன்று நாள் தூங்காமல் தவித்தால், அவளுடைய பயம்தான் அந்த வீட்டுக்குத் தணிக்கைச் சான்றிதழ்.

தூய்மையானவை, அன்பானவை, நற்கீர்த்தியுள்ளவை பற்றியே சிந்திக்கச் சொல்லும் பிலிப்பியர் நிருப வசனத்தையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வரிசையில் முதலில் நிற்பது ‘உண்மை’. பைபிளும் தீமையை மறைத்துவைத்த நூல் அல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தலை மிருகமே வருகிறது.

நிலவறையில் ஒரு ஜெபம்

(படம் பார்க்காதவர்கள் கவனிக்க: முடிவு இங்கே வருகிறது.)

‘எ குவைட் பிளேஸ்’ (2018) படத்தில், சத்தம் கேட்டால் கொல்லும் உயிரினங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் கைகோத்து, மௌனமாக ஜெபித்துவிட்டுச் சாப்பிடுகிறது. ‘சைன்ஸ்’ படத்தில் இதற்கு நேரெதிர். மகன் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கலாம் என்கிறான். கிரஹாம் கோபத்தோடு மறுக்கிறார்.

பிறகு நிலவறையில் மகனுக்கு ஆஸ்துமா. மருந்து கையில் இல்லை. மகனை மடியில் வைத்துக்கொண்டு கிரஹாம் கடவுளோடு சண்டை போடுகிறார். இல்லை என்று நினைக்கும் ஒருவரிடம் யார் கோபப்படுவார்கள்? சங்கீதப் புத்தகத்திலும் ‘ஏன் என்னை மறந்தீர்’ என்ற தொனியில் எத்தனையோ ஜெபங்கள் உண்டு.

கடைசியில் எல்லாம் ஒன்று சேர்கிறது. ஆஸ்துமாவால் மூச்சுக்குழாய் அடைத்திருந்ததால் ஏலியனின் விஷவாயு மகனுக்குள் போகவில்லை. மனைவி சாகும்போது சொன்ன வார்த்தைகள் தம்பியின் பேஸ்பால் மட்டைக்கு வழிகாட்டுகின்றன. கிரஹாம் மீண்டும் போதகர் உடை அணிகிறார்.

விசுவாசிகள் பலருக்கு இது ஆறுதல் தரும் முடிவு. ஆனால், துணையை இழந்த ஒருவர் இதைப் பார்த்தால்? ‘மகன் பிழைக்க மனைவி சாக வேண்டியிருந்ததா?’ என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. யோபுவின் புத்தகத்தில், அவருடைய துன்பத்துக்கான காரணத்தைக் கடவுள் யோபுவிடம் சொல்லவே இல்லை. காரணம் கண்டுபிடித்துச் சொன்ன நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். ஆக, ஒரு கிறிஸ்தவர் இந்தப் படத்தின் அழுகையை ஏற்றுக்கொண்டு, அதன் பதிலை ஏற்காமலும் இருக்கலாம்.

வீட்டில் பேச மூன்று கேள்விகள்

1. நம்மோடு பார்ப்பவர்களில் யாருக்காவது இது தாங்க முடியாத பயமாகுமா? ஆகும் என்றால், இன்று வேறு படம்.

2. படம் தீமையை ரசிக்கச் சொல்கிறதா, எதிர்க்கச் சொல்கிறதா?

3. துன்பத்துக்குப் படம் சொல்லும் காரணம், நம் வீட்டில் நடந்த துன்பத்துக்கும் பொருந்துமா?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. அடுத்த படம் தானாக ஓட ஆரம்பிப்பதற்குள் டி.வி-யை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பயந்துபோன குட்டிக்கு அன்றிரவு விளக்கை எரியவிடுங்கள்.