பிறர் கையிலுள்ள விளக்கு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இன்று தொழிற்சாலைகள் பெருகியிருக்கின்றன. அவற்றின் யந்திரங்களைச் சுழற்றும் சக்தி எங்கிருந்து வருகிறதென்று நம்மில் யோசிப்பவர் எத்தனை பேர்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு. கருநிலக்கரிச் சுரங்கமோ தமிழ்நாட்டில் ஒன்றேனும் இல்லை. வடசென்னை, தூத்துக்குடி அனல் மின்நிலையங்களுக்கு ஒடிஸாவின் தால்சேர் கரி பாரதீப் துறைமுகம் சென்று, கப்பலேறி வரவேண்டியிருக்கிறது. வழியில் தடை நேர்ந்தால் நமது விளக்கு மங்கும்.

பிறரை நம்பியதன் பலனை ஜெர்மனி 2022-ல் அனுபவித்தது. அத்தேசம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறக்குறையப் பாதி ருஷியாவினுடையது. யுத்தம் மூண்டது, குழாய் அடைபட்டது, மலிவென்று வாங்கிய சரக்கு பெருநஷ்டமாய் முடிந்தது.

நமக்கும் அனுபவமில்லாமலில்லை. 2012-ல் தினந்தோறும் பல மணி நேரம் மின்சாரமின்றிச் சிறுதொழிலாளர் பட்ட அவதியை மறத்தற்கில்லை. அன்றும் முப்பந்தலில் காற்றாலைகள் இருந்தன. ஆனால் காற்று பருவத்துக்கே உரியது. அதன் சக்தியைச் சேமிக்கும் வழி போதவில்லை.

அவ்வழி நாம் அறியாததன்று. கடம்பாறையில் மிகுமின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி, 400 மெகாவாட் வரை பெறுகிறோம். இத்தகைய நிலையங்கள் பெருகவேண்டும். கூரைதோறும் வெயில் மின்சாரமாக வேண்டும். கல்பாக்கத்து அணுசக்தியும் நெய்வேலிக் கரியும் உடனிருக்கட்டும். ஒன்றையே நம்புவது விவேகமாகாது.

நரசிங்கப் பெருமாள் தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார் என்பர் நம் பெரியோர். சக்தியும் வெயிலிலும் காற்றிலும் நீரிலும் இருக்கிறது. அதைத் தேடிச் சேமியாத ஜனங்கள், கொடியேற்றியும் அடிமைகளே.