விரல் நுனியும் கிணற்று மண்டையோடும்

எங்கள் வகுப்பறைச் சுவரிலே நெடுங்காலமாக ஒரு படம் தொங்குகின்றது. குரங்கை ஒத்த உருவமொன்று படிப்படியாகக் கூன் நிமிர்ந்து, ஈற்றிலே ஈட்டி ஏந்திய மனிதனாக நடந்து செல்லும் படம். "இதிலே எவருடைய பிள்ளை எவர், சேர்?" என்று சென்ற தவணையில் ஒரு மாணவன் கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆயினும் அவன் கேட்டது நல்ல கேள்வி. எலும்பு மட்டுமே கையிலிருந்தால் இரண்டு மண்டையோடுகள் வடிவத்தால் ஒத்தவை என்று கூறலாமேயன்றி, உறவு இன்னதென்று சாதித்தல் அரிது.

அவ்வுறவை உரைக்க மற்றொரு சாட்சி வந்த வரலாறு சுவையானது. தென் சைபீரியாவின் அல்தாய் மலைகளிலே டெனிசோவா என்றொரு குகை உண்டு. 2008 ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்தோர் ஒரு சிறுமியின் சுண்டுவிரல் நுனியெலும்பின் துண்டொன்றைக் கண்டெடுத்தனர். உள்ளங்கையில் வைத்தால் இருக்குமிடம் தெரியாத துண்டு. அதன் வடிவத்தைக் கொண்டு எவரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஜேர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் கூர்ப்பு மானிடவியல் நிலையத்திலே, சுவாந்தே பாபோ என்னும் சுவீடன் நாட்டறிஞரின் குழுவினர் அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தனர். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவருக்கு 2022 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது, உயிர்க்கலத்தினுள்ளே இருப்பது. உடல் இறந்தபின் நீரும் வெப்பமும் நுண்ணுயிர்களும் அதனைச் சிதைத்துவிடும். டெனிசோவாக் குகையின் சராசரி வெப்பநிலை பூச்சியப் பாகையை அண்டியது. ஆகவே அங்கே ஏடு ஓரளவு தப்பியது. மற்றொரு தொல்லையும் உண்டு. தோண்டியவர் ஒருமுறை தும்மினாலும் அவருடைய டி.என்.ஏ. எலும்பிலே படிந்துவிடும். பழையதைப் புதியதிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? பழைய இழைகள் குறுந்துண்டுகளாக நொறுங்கியிருக்கும். அத்துண்டுகளின் நுனிகளிலே ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாகத் திரிந்திருக்கும். செல்லரித்த ஓலையை அதன் அரிப்பைக் கண்டே பழையது என்கிறோமல்லவா? அதுபோலத்தான்.

2010 இல் விடை வெளிவந்தது. அச்சிறுமி நம் இனத்தவள் அல்லள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்த நியண்டர்தால் மக்களைச் சேர்ந்தவளும் அல்லள். எவரும் அறிந்திராத ஒரு மூன்றாங் கிளையினள். குகையின் பெயரால் அக்கிளையினரை டெனிசோவர் என்றனர். நியூகினி மக்களின் டி.என்.ஏ.யில் நூற்றுக்கு 4 முதல் 6 வரையான பங்கு டெனிசோவர் வழி வந்தது என்றும் அவ்வாண்டிலேயே கணக்கிட்டனர். திபெத்தியர் உயர்ந்த மலைக்காற்றிலே இலகுவாக வாழத் துணைசெய்யும் ஒரு பரம்பரையலகும் அவர்களிடமிருந்து வந்ததே என்பது 2014 இல் தெரியவந்தது. எனவே அவர்கள் முற்றாக அழிந்தனர் என்று சொல்வது பொருந்துமா என்று எனக்கு ஐயம்.

என் மாணவனின் கேள்விக்கு நேரான விடை 2018 இல் அதே குகையிலிருந்து வந்தது. ஏறக்குறைய 2 சென்றிமீற்றர் நீளமான ஓர் எலும்புத் துண்டு. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இளம்பெண்ணுடையது. அவளுடைய தாய் நியண்டர்தால் இனத்தவள், தந்தையோ டெனிசோவர். ஆய்வாளர் அவளுக்கு 'டெனி' என்று செல்லப்பெயர் இட்டனர்.

இவ்வளவும் தெரிந்தும் டெனிசோவரின் முகம் எப்படியிருந்தது என்பது தெரியவில்லை. அந்த முகமோ நெடுங்காலம் ஒரு கிணற்றிலே கிடந்தது. 1933 இல் சீனாவின் ஹார்பின் நகரிலே பாலவேலை செய்த தொழிலாளி ஒருவர் ஒரு மண்டையோட்டைக் கண்டு, அந்நாளில் அப்பகுதியை ஆண்ட யப்பானியர் கையிற் சேராதிருக்கப் பாழ்ங்கிணற்றில் ஒளித்தார் என்பர். இறக்குந் தறுவாயிலேதான் குடும்பத்தாரிடம் சொன்னாராம். அவர்கள் 2018 இல் அதனை மீட்டுக் கொடுத்தனர். தடித்த புருவமேடு, சதுரம் போன்ற பெரிய கண்குழிகள், நம்முடையதை ஒத்த மூளையளவு. வயது குறைந்தது 146,000 ஆண்டு. 2021 இல் அதற்குப் புதிய இனப்பெயரும் சூட்டினர். டி.என்.ஏ. தேடியபோது எலும்பும் பல்லும் கைவிரித்தன. பல்லிலே படிந்திருந்த காறையோ கைகொடுத்தது! அதிற் கிடைத்த டி.என்.ஏ.யும் எலும்பிற் கிடைத்த புரதங்களும் அது டெனிசோவருடையதே என்று 2025 இல் காட்டின. தாம் காத்தது இன்னதென்று அறியாமலே அத்தொழிலாளி மறைந்தார்.

இச்சாட்சிக்கும் எல்லையுண்டு. மனித முன்னோரிடம் இதுவரை பெற்ற மிகப் பழைய டி.என்.ஏ. ஸ்பெயின் நாட்டுக் குகையொன்றில் எடுத்தது. சுமார் 430,000 ஆண்டுப் பழமையது. எத்தியோப்பியாவிலே 1974 இல் கிடைத்த 'லூசி'யோ சுமார் 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். அவளைப் பற்றி எலும்புதான் பேசவேண்டும்.

சென்ற வாரம் அம்மாணவனை அழைத்து டெனியின் கதையைச் சொன்னேன். சுவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்படியென்றால் அவளை இந்த வரிசையில் எங்கே நிறுத்துவது, சேர்?" என்றான்.