டர்போ போகலை, குழாய்தான் கிழிஞ்சிருக்கு!

சென்னை புதுப்பேட்டைக்குப் பழைய டர்போ டீசல் காருடன் வந்தார், வாடகைக் கார் ஓட்டும் வாலிபர் ஒருவர். சட்டைப் பையில் மனைவியின் வளையலை அடகு வைத்த பணம்!

"பாலம் ஏறினா திணறுதுண்ணே. கரும்புகை வேற. டர்போ மாத்தணுமாம்."

"அவசரப்படாதே தம்பி. மொதல்ல ஆக்சிலேட்டரை மிதி" என்றார் மெக்கானிக்.

'உஸ்' என்று காற்று சீறியது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடியில் வெடிப்பு! சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

புகை சொல்லும் சேதி

டர்போ தள்ளும் காற்று வழியில் கசிந்தால், டீசல் முழுதாக எரியாது. கரும்புகை வரும், இழுவை குறையும். ஏர் பில்டர் அடைத்தாலும் இதே கதிதான்.

நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. டர்போ 'சீல்' மீது சந்தேகம் வரலாம். நிற்கும்போதே என்ஜின் குலுங்கினால் இன்ஜெக்டர், டீசல் பில்டரைப் பார்க்க வேண்டும்.

குழாய் மாறியது. வண்டி சீறிக் கிளம்பியது!

"டர்போ நிமிஷத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேல சுத்தும் தம்பி. வேகமா ஓட்டிட்டு வந்தா உடனே ஆப் பண்ணாதே. ஒரு நிமிஷம் சும்மா ஓட விடு."

வாலிபர் தலையாட்டிவிட்டு, நேராக அடகுக் கடைக்கு வண்டியைத் திருப்பினார்.