ஊசிக்கு முன் ராஸ் ரிப்போர்ட்

பம்மல், அனகாபுத்தூர் பக்கம் எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்ற போஸ்டர் கண்ணில் படும். மலத்தில் ரத்தம் போனால் பலர் முதலில் கூப்பிடுவது அந்த நம்பரைத்தான். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால் நிற்காத ரத்தப்போக்கு, திடீரென மாறிய மலப்பழக்கம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவு என்று எதுவாக இருந்தாலும் டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னால் பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்த்துவிடுவதே நல்லது. லேகியத்தில் மாதங்களைக் கழித்தவர்களுக்கு, புற்றுநோய் தெரியவரும்போதே கல்லீரலுக்குப் பரவியிருப்பதும் உண்டு.

அப்படிப் பரவிய பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்றால், விலை உயர்ந்த ஊசிக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு பரிசோதனை முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். அது ராஸ் பரிசோதனை.

செல்லின் வெளிச்சவ்வில் உள்பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு புரதம் ராஸ். ஏறத்தாழ 190 அமினோ அமிலங்கள் கோத்தது; கேராஸ், என்ராஸ், எச்ராஸ் என்று மூன்று உறவுகள். 'வளர்' என்ற தகவல் வெளியிலிருந்து வந்ததும் மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். ராஃப், மெக், எர்க் என்று அடுத்தடுத்த புரதங்கள் வழியாக அந்த உத்தரவு செல்லின் கருவுக்குப் போகும். வேலை முடிந்ததும் இன்னொரு புரதம் வந்து துணை செய்ய, ஒரு பாஸ்பேட் வெட்டுப்பட்டு ராஸ் அடங்கிவிடும். இதில் 12ஆம் இடத்தில் இருப்பது கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால் வெட்டுவதற்கு இடம் போதாது. தொட்டி நிரம்பிய பிறகும் நிற்காத மோட்டார் மாதிரி ராஸ் ஓடிக்கொண்டே இருக்கும். 1982-ல் அமெரிக்க ஆய்வகங்கள் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்லில், 12ஆம் இடத்தை மாற்றிவிடும் ஒரே எழுத்துப் பிழையை ராஸ் மரபணுவில் கண்டுபிடித்தன. அதை அறிவித்த கட்டுரைகளில் ஒன்றின் முதல் ஆசிரியர் இந்தியாவிலிருந்து சென்ற பிரேம்குமார் ரெட்டி.

செட்டுக்சிமாப், பானிட்டுமுமாப் ஆகிய ஊசிகள் செல்லின் வெளியே 'வளர்' தகவலை வாங்கும் ஏற்பியை அடைப்பவை. உள்ளே ராஸ் தானாக ஓடிக்கொண்டிருந்தால் வெளியே அடைத்துப் பயனில்லை. 2008-ல் இது தெளிவாயிற்று. 2013-ல் வந்த ஆய்வு இன்னும் கடுமையான செய்தியைச் சொன்னது: ராஸ் மாற்றம் உள்ளவர்களுக்கு கீமோவோடு பானிட்டுமுமாப் சேர்த்தபோது, கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட நிலைமை மோசமானது. குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 40 பேர் அளவில் கேராஸ் மாற்றம் இருக்கிறது. பரிசோதிக்காமல் இந்த ஊசியைப் போடுவது நகையை அடகு வைத்துத் தீங்கை வாங்குவதாகவே முடியலாம். ரிப்போர்ட்டில் கேராஸோடு என்ராஸும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 'மியூட்டேஷன் டிடெக்டெட்' என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். கீமோ, பெவாசிசுமாப் என்ற வேறு மருந்து என்று வழிகள் இருக்கின்றன. இந்த மாற்றம் கட்டிக்குள் மட்டும் உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது.

இந்தப் பரிசோதனைக்குப் புதிதாகச் சதை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பயாப்ஸி எடுத்த சதை, நம்பர் எழுதிய சின்ன மெழுகுக் கட்டியாக லேபில் பத்திரமாக இருக்கும். 'பிளாக்' என்பார்கள். வேறு லேபிலோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலோ இரண்டாம் கருத்து கேட்க விரும்பினால் அந்த பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

நாகல்கேணி, பம்மல் தோல் தொழிற்சாலைக்காரர்கள் கேட்கும் கேள்வி வேறு: "இந்தத் தண்ணியும் குரோமியமும்தான் காரணமா?" ஆறு இணைதிற குரோமியத்தைச் சுவாசிப்பது நுரையீரல் புற்றுநோயையும், தோல் தூசி மூக்குப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதியானது. பதனிடப் பயன்படும் குரோமியமோ மூன்று இணைதிற வகை. எப்படியானாலும், யாருக்கு எதனால் வந்தது என்று ராஸ் ரிப்போர்ட் சொல்லாது. புகையிலை விஷயத்தில் தடயம் கொஞ்சம் தெளிவு. 1991-ல் மும்பை ஆய்வாளர்கள் புகையிலை மெல்லுவோரின் வாய்ப் புற்றுநோயில் மூன்றில் ஒரு பங்கில் எச்ராஸ் மாற்றத்தைக் கண்டார்கள். புகைப்பவர்களின் நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படும் கேராஸ் ஜி12சி மாற்றத்துக்கு 2021-ல் அமெரிக்காவில் சோட்டோரசிப் என்ற மாத்திரை அனுமதி பெற்றது.

செலவுக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம். ஊசியும் பரிசோதனையும் அதில் வருகிறதா என்று சிகிச்சை தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு, பலருக்கும் தெரியாத இன்னொரு உரிமை இருக்கிறது. போதிய சந்தாக் காலம் இருந்தால், புற்றுநோய்க்காக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 80 சதவீதம், 2 ஆண்டு வரை கிடைக்கும். ஈஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழை இடைவெளி விடாமல் வாங்கி வையுங்கள்.

புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். பணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சையில் குறை இருந்தால், அது நேர்ந்த 2 ஆண்டுக்குள் பம்மல்காரர்கள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஊசி அட்டையின் பேட்ச் நம்பர் மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.